காசிமேட்டுக்குக் கிழக்கே, கீழே

காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு எப்போதாவது ஒரு கூடை ஆழ்கடல் இறால் வரும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், அவிக்காமலே அவித்த நிறம். ஏலம் கூறுகிறவர் அதை 'டீப் சீ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மீன் விற்கும் பெண்கள் ஒன்றைத் தூக்கி நசுக்கிப் பார்த்து, "இன்னாம்மா இது, ஓடுதான் கீது, சதயக் காணோம்" என்று நகர்ந்து போவார்கள். கடைசியில் ஏற்றுமதிக் கம்பெனி ஆள்தான் எடுப்பான்.

அந்தக் கூடையைக் கிளறிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. உள்ளே கிடப்பவற்றின் அறிவியல் பெயர்கள் இவை: அரிஸ்டியஸ் ஆல்காக்கி, ஹெட்டரோகார்பஸ் உட்மேசனி, சொலெனோசெரா ஹெக்ஸ்டி. கூடவே மெலிந்த சிங்கி இறால் ஒன்று கிடந்தால் அது பெரும்பாலும் பியூருலஸ் செவெல்லி. ஆல்காக், உட்மேசன், ஹெக்ஸ்ட், செவெல் என்று நாலு வெள்ளைக்காரர்கள் ஐஸ் போட்டு ஒரே கூடையில் கிடக்கிறார்கள். நம் கிழக்குக் கடலின் அடித்தரை முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்த கதை இவர்கள் பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் படித்துப் பட்டம் வாங்கி இந்தக் கதைக்குள் வந்தவன் அல்ல. திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தேன். நைனா கட்டுமரக்காரர். நான் அரசாங்க ஆய்வுக் கப்பல் ஒன்றில் டெக் ஆளாகச் சேர்ந்து வின்ச் ஓட்டினேன். பிறகு முதுகு போனதும் கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேறு சலிக்கிற வேலைக்கு மாறினேன். கடல் அடிச் சேற்றைச் சல்லடையில் அலசி, மிஞ்சுகிற புழு பூச்சிகளை லென்ஸ் வைத்துப் பொறுக்கித் தனித்தனிச் சீசாவில் போடும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

நைனாவுக்குக் கடலின் அளவு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறு அடி. கல்லைக் கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் என்று சொல்வார். கயிறு தளர்கிற விதத்தில் கீழே சேறா, மணலா, பாரா என்பதையும் சொல்வார். வடக்கிலிருந்து வன்னி ஓடுகிறதா, தெற்கிலிருந்து தெண்டி ஓடுகிறதா என்று பார்த்துத்தான் வலை இறங்கும். முப்பது பாகம் வரை அவருக்குக் கடலடி நம் தெரு மாதிரி. அதற்கு அப்பால் கேட்டால், "ஓரம் தாண்டினா கயிறு பத்தாதுடா" என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது.

அவர் ஓரம் என்றது கண்டத்திட்டின் விளிம்பை. சென்னைக்கு நேர் கிழக்கே கடலடி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரம் மெல்லச் சரிந்து போகும். நூறு பாகம் வந்ததும் திடீரென்று சரிவு செங்குத்தாகி, ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் என்று இறங்கிவிடும். அந்த அடிவாரத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அரித்துக் கொண்டுவந்த மண் சில இடங்களில் 16 கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்து, பூமத்திய ரேகையைத் தாண்டியும் விரிந்து கிடக்கிறது. காசிமேட்டிலிருந்து ஒரு பகல் ஓட்டத்தில் எட்டிவிடுகிற தண்ணீருக்கு அடியில்தான் இந்தச் சரிவு. ஆனால் அந்தத் தரையில் என்ன வாழ்கிறது என்று யாருக்கும் தெரியாமல் பல நூற்றாண்டுகள் போயின.

தெரியாததற்கு ஒரு காரணம், அங்கே ஒன்றும் வாழாது என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டது. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1840களின் தொடக்கத்தில் ஏஜியன் கடலில் அரிப்பு வலை போட்டார். 230 பாகம் வரை போனதில் ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. கோட்டை நீட்டிப் பார்த்து, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இல்லை என்றார். அவர் போட்டது சின்ன வாய் வலை, சேறு ஏறினதும் அடைத்துக்கொள்ளும். போட்ட கடலோ இரை குறைந்த கடல். ஒரு கடலில் பார்த்ததை எல்லாக் கடலுக்கும் எழுதினார். இந்தப் பழக்கம் அவரோடு ஒழியவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.

அவர் சொன்னதைப் பொய்யாக்கியது அறிவியலைவிடத் தந்திதான். 1860இல் மத்தியதரைக் கடலடியில் அறுந்த தந்திக் கம்பியை மேலே இழுத்தபோது, ஆயிரம் பாகத்துக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்த துண்டில் பவளப் பூச்சிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. சென்னைக்கும் தந்தி வந்தது. 1870-71இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே வங்கக் கடலடியில் கம்பி போட்டார்கள். கம்பி போட ஆழம் பார்க்க வேண்டும், சேற்றின் மாதிரி எடுக்க வேண்டும். நம் கடலின் அடிமண் அந்த வியாபாரத்திலும் கைக்கு வந்தது. பிறகு 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிய சேலஞ்சர் கப்பல் ஆழ்கடல் அறிவியலையே தொடங்கிவைத்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கே பனிக்கடலோரமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வங்கக் கடலுக்குள் வரவே இல்லை.

வந்தது 'இன்வெஸ்டிகேட்டர்'. 1881இல் பம்பாய்க் கப்பல் தளத்தில் கட்டிய, பக்கவாட்டில் சக்கரம் சுழலும் மர நீராவிக் கப்பல். (அதே 1881 நவம்பரில் அடித்த புயலில் சென்னையின் புதுத் துறைமுகச் சுவர் சிதறிப்போனது. அதைத் திரும்பக் கட்டி நீட்டியதால் மணல் தெற்கே தேங்கி, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்த கதை தனி. எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போன தெருக்களைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.) இன்வெஸ்டிகேட்டரின் உத்தியோகம் துறைமுகங்களுக்கு வரைபடம் எடுப்பது. மிருகம் பிடிப்பது உபரி வேலை. 1884 முதல் கப்பலுக்குத் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் கார்ப்பென்டர் முன்பு சேலஞ்சரில் வேலை செய்தவர். ஆழ்கடல் வலை அவருக்குப் பழக்கம். வைத்தியரே இயற்கை ஆராய்ச்சியாளர் என்று ஏற்பாடு. 1888இல் அப்படி ஏறியவர்தான் ஆல்ஃபிரட் ஆல்காக்.

ஓர் இடத்தில் அளவை முடித்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில் அவகாசம் கிடைத்தால் வலை இறங்கும். அந்தமானுக்குப் போகும்போது, சென்னைக் கரையோரம், இலங்கைக்குக் கிழக்கே என்று தாண்டித் தாண்டிப் போட்ட இழுவைகள். எந்தப் பக்கமாகக் கவிழ்ந்து விழுந்தாலும் வேலை செய்கிற அகாசிஸ் வலை. ஆயிரம் பாகத்துக்குமேல் இறக்கிய கயிற்றைத் திரும்ப ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். நான் வின்ச் பிடித்தவன். 300 மீட்டர் ஆழத்துக்கே ஆயிரம் மீட்டர் வயர் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆயிரம் பாகத்தில் மடி பாறையில் சிக்கினால் டெக்கில் நிற்கிற ஆளுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்கள் லஸ்கர்கள், கப்பலின் நம் நாட்டு மாலுமிகள். நம் சிவப்பு இறால் கூடையில் லஸ்கர் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆல்காக்கைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கொட்டிய சேற்றிலிருந்து அவர் எழுப்பியது ஒரு புது உலகம். வங்கக் கடலின் ஆழத்தில் முட்டையிடாமல் குட்டி போடுகிற மீன் இருப்பதை அவர் எழுதினார். தூரக் கடல்களில் தெரிந்த வகைகளின் உறவினர்கள் இங்கே கிடைத்தார்கள். தரையில் கல்லைப் புரட்டினால் சுருண்டு கொள்கிற பூச்சி உண்டல்லவா, அதன் கடல் உறவான பாத்தினோமஸ் என்ற ஐசோபாட் பெரிய உருவத்தில் வந்தது. எல்லாம் சாராயத்தில் போட்டுக் கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்குப் போயின. அங்கே கண்காணிப்பாளர் ஜேம்ஸ் உட்மேசன்; 1893இல் அவர் இறந்தபின் அந்த நாற்காலிக்கு ஆல்காக்கே வந்தார். 1899இல் ஆழ்கடல் மீன்களின் பட்டியல், 1902இல் 'இந்தியக் கடல்களில் ஒரு இயற்கையாளன்' என்ற புத்தகம். ஹெக்ஸ்ட் அந்நாளில் கடற்படைத் துறையின் இயக்குநர்; செலவுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு ஓர் இறால். சேமூர் செவெல் பின்னால் அதே பெயரில் வந்த அடுத்த கப்பலில் வைத்தியராக இருந்து, பிறகு எகிப்துக் கப்பல் 'மபாஹிஸ்' எடுத்துக்கொண்டு 1933-34இல் அரபிக்கடலை அலசியவர். அவர் பிடித்த சிங்கிக்கு 1938இல் ரமதான் என்ற எகிப்தியர் அவர் பெயரையே வைத்தார்.

செவெல் அரபிக்கடலில் பார்த்த ஒன்று முக்கியம். சில நூறு மீட்டர் ஆழத்தில் வலை வெறுமையாக வந்தது. சேறு அழுகிய முட்டை வாசம் அடித்தது. அதற்குக் கீழே இன்னும் ஆழத்தில் போட்டால் மறுபடி உயிர்கள். ஃபோர்ப்ஸ் சொன்ன உயிரற்ற ஆழம் ஒருவகையில் இருக்கத்தான் செய்தது, ஆனால் அடியில் அல்ல, நடுவில்.

சென்னை அரசாங்கத்தின் கண் அப்போது வேறு பக்கம் இருந்தது. பிரெடரிக் நிக்கல்சன் 1907இல் மீன்வளத் துறையைத் தொடங்கி, எண்ணூரில் மீன் பதப்படுத்தும் சோதனை நிலையமும் நடத்தினார். ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு, முத்து, தோணி என்று கரையோரம் முழுக்க அலைந்தார். வங்காளத்தின் 'கோல்டன் கிரவுன்', பம்பாயின் 'வில்லியம் கேரிக்' போல, 1927-28இல் சுந்தரராஜ் இயக்குநராக இருந்தபோது 'லேடி கோஷன்' என்ற நீராவி இழுவைக் கப்பல் நம் மாகாணக் கரையில் ஓடியது. விற்கக்கூடிய மீன் எங்கே என்பதே இவர்கள் கேள்வி. ஓரத்துக்கு இந்தப்பக்கமே தேடினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஆழத்தின் கணக்கு இன்வெஸ்டிகேட்டரோடு நின்றுபோனது.

கணக்கையே மாற்றியது ஒரு சல்லடை. அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் ஹவர்ட் சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் 1960களில் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள சல்லடையில் ஆழ்கடல் சேற்றை அலசினார்கள். ஆல்காக்கின் வலைக்கண்ணில் புகுந்து ஓடிப்போன புழு, சிப்பி, ஐசோபாட் எல்லாம் அதில் நின்றன. பாலைவனம் என்று நினைத்த இடத்தில் வெப்பமண்டலக் கரைக்குச் சமமாக இனங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெப்பமண்டல மாதிரி வேண்டுமே, அதற்குச் சாண்டர்ஸ் 1968இல் சேர்த்துக்கொண்டவற்றில் வங்கக் கடலின் ஆழமற்ற பகுதிச் சேறும் இருந்தது. உலக ஆழ்கடல் அறிவியலில் நம் கரைச் சேறு அளவுகோலாக நுழைந்தது அப்படி. பிறகு 1992இல் கிராசலும் மசியோலெக்கும் நியூ ஜெர்சிக்கு அப்பால் 1500 முதல் 2500 மீட்டருக்குள் சிறு சிறு பெட்டிகளாக வெட்டியெடுத்த மொத்தம் 21 சதுர மீட்டர் தரையில் 798 இனங்களை எண்ணினார்கள். 21 சதுர மீட்டர் என்பது வடசென்னையின் பழைய குடிசை மாற்று வாரிய வீடு ஒன்றின் அளவு.

ஆழத்தோடு இனங்கள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று மைக்கேல் ரெக்ஸ் அட்லாண்டிக்கில் பார்த்தார். கரையிலிருந்து இறங்க இறங்க இனங்கள் கூடி, 2000 – 3000 மீட்டர் வாக்கில் உச்சம் தொட்டு, அதற்குக் கீழே சமவெளி ஆழத்தில் குறைந்தன. 1993இல் ரெக்ஸும் கூட்டாளிகளும் இன்னொன்றும் சொன்னார்கள்: ஆழ்கடலிலும் வெப்பமண்டலத்திலிருந்து வடதுருவம் நோக்கிப் போகப் போக இனங்கள் குறைகின்றன. காட்டிலும் பவளப் பாரிலும் தெரிந்த விதி ஆழத்திலும் செல்லும் என்று பலருக்குத் திருப்தி.

எனக்கு அது ஆரம்பத்திலேயே இடித்தது. கரையில் வெப்பமண்டலம் செழிப்பதற்கு வெயிலும் சூடும் காரணம் என்றால், இரண்டாயிரம் மீட்டரில் வெயில் எங்கே, சூடு எங்கே? சென்னைக்கு வெளியே மேல் தண்ணீர் 28, 29 டிகிரி. இரண்டாயிரம் மீட்டரில் 3 டிகிரி சுமார். அட்லாண்டிக்கிலும் ஏறத்தாழ அதுவேதான். இரவு பகல் தெரியாத இடத்துக்கு அட்சரேகை எப்படித் தெரியும்? மேலேயிருந்து விழுகிற இரை வழியாகத்தான் தெரியும். மேலே விளைவதில் ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே அவ்வளவு ஆழம் போய்ச் சேர்கிறது.

மேற்கொண்டு வந்த மாதிரிகள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தன. அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் 2002 முதல் 2005 வரை நடந்த பயணங்களில் 674 ஐசோபாட் இனங்கள் கிடைத்தன; அதில் 585 அதுவரை யாரும் விவரிக்காதவை. துருவத்தில் குறைய வேண்டிய இடத்தில் இத்தனை. 2016இல் ஸ்கிப்டன் வூல்லி குழு உலகம் முழுக்க ஒடிநட்சத்திரங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. கரையிலும் மேல்சரிவிலும் வெப்பமண்டலம்தான் உச்சம், சந்தேகமில்லை. ஆனால் 2000 மீட்டருக்குக் கீழே உச்சம் 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்கு, கண்ட ஓரங்களில் இரை அதிகம் விழுகிற இடங்களுக்கு நகர்ந்துவிட்டது. நாம் 13 டிகிரியில் இருக்கிறோம். மேலே செழிப்பு நம்முடையது. கீழே அந்தப் பெருமை வேறு ஊர்க்காரர்களுடையது.

நம் கடலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கங்கை, ஐராவதி, கோதாவரி எல்லாம் நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் வங்கக் கடலின் மேல் ஒரு லேசான தண்ணீர் மூடி மிதக்கிறது. கீழ்த்தண்ணீரோடு எளிதில் கலக்காது. விழுகிற இரை அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது. சுமார் நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை மூச்சுமுட்டும் அடுக்கு. சரிவு அந்த அடுக்கை உரசுகிற இடத்தில் தரையில் இனங்கள் குறைந்துபோகும். மூச்சுமுட்டலைத் தாங்குகிற சில பாலிகீட் புழுக்கள் மட்டும் பெருகிக் கிடக்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் ஏற ஏறப் பலவகையும் திரும்ப வரும். அட்லாண்டிக்கில் ரெக்ஸ் கண்ட வளைவில் இந்தப் பள்ளம் இல்லை.

புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே இந்த அடுக்கு என் கைக்குத் தெரியும். இருநூறு பாகத்தில் இழுத்த மடி டெக்கில் அவிழ்ந்ததும் சேறு ஐஸ்போல் குளிரும். மே மாத வெயிலில் அதில் கையை விட்டுக்கொண்டு நிற்பது சுகம். சில இடத்தில் கறுத்து, முட்டை நாற்றம் அடிக்கும். விளக்கு மீன், பச்சைக்கண்ணன், வாலே உடம்பான எலிவால் மீன், சிவப்பு இறால் என்று பத்துப் பதினைந்து வகை, ஆனால் ஒரே வகை கூடை கூடையாக. நாங்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் விலைபோகும் மீனுக்குக் கட்டம் கட்டமாக இடம் உண்டு. மீதிக்கெல்லாம் ஒரே கட்டம்: 'இதர'. எடை போட்டு எழுதிவிட்டு மண்வெட்டியால் கடலுக்கே தள்ளிவிடுவோம். எத்தனை ஆல்காக் அதில் போனானோ.

இதற்கிடையே காசிமேடும் கீழே இறங்கத் தொடங்கியது. 60களில் விசைப்படகு வந்தது. 70களின் முடிவில் கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் கைகலப்பு. 1983இல் சட்டம் வந்து கரையோரம் மூன்று கடல்மைலுக்குள் இழுவை கூடாது என்றானது. சட்டத்தைவிட வேகமாக மீன் குறைந்தது. கிட்டத்தில் கிடைக்காததை ஓரத்தில் தேடினார்கள், ஓரத்தில் குறைந்ததைச் சரிவில். ஏலக்கூடத்துக்கு அந்த இறால் கூடை வந்த வழி அதுதான். சரிவில் வாழ்கிற உயிர் மெதுவாக வளரும், குறைவாகக் குஞ்சு பொரிக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் நெத்திலிக்கும் சங்கராவுக்கும் ஏதோ உதவலாம். ஆல்காக் பெயர் கொண்ட இறாலுக்கு அது எந்த மூலைக்கு என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

2025 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 'மத்ஸ்யா 6000' என்ற ஆழ்கடல் நீர்மூழ்கிக் கலம் தண்ணீரில் இறங்கியது. பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கட்டியது. மூன்று பேர் உட்காரும் உருண்டை, 6000 மீட்டர் வரை போக வேண்டும் என்பது திட்டம். அங்கே நடந்தது துறைமுகத்துக்குள் நீர்ச் சோதனைதான். அந்த ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரெஞ்சு 'நோட்டீல்' கலத்தில் அட்லாண்டிக்கில் இறங்கி, ஒருவர் 4025 மீட்டரும் இன்னொருவர் 5002 மீட்டரும் தொட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் இதற்கெல்லாம் பின்னால் உள்ள 4077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தைப் பற்றிய பேச்சில், கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகள் எத்தனை முறை வருகின்றன, புழு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் 'இதர' கட்டம் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஜன்னல் வழியே பார்த்தால் கடல் வெள்ளரியும் ஒடிநட்சத்திரமும் தெரியும். சாண்டர்ஸ் எண்ணியவை தெரியாது. அவை சேற்றின் மேல் சில அங்குலத்துக்குள் புதைந்திருப்பவை. காட்டுப்பள்ளியிலிருந்து அந்தக் கலம் என்றாவது கிழக்கே போய் ஓரத்தைத் தாண்டி இறங்குமானால், அதன் கையில் நாலைந்து சேற்றுக் குழாய்களைக் கொடுத்தனுப்புங்கள். இருநூறு மீட்டரில் ஒன்று, அறுநூறில் ஒன்று, ஆயிரத்து ஐந்நூறில் ஒன்று, மூவாயிரத்தில் ஒன்று என்று குத்தி எடுத்து வரட்டும். மேலே வந்ததும் ஃபார்மலினில் ரோஸ் பெங்கால் கலந்து ஊற்றினால் உயிராக இருந்ததெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். மண்ணிலிருந்து பொறுக்கச் சுலபம். 0.3 மில்லிமீட்டர் சல்லடை போதும். பொறுக்கத் தெரிந்த பிள்ளைகள் இல்லையென்றால் திருவொற்றியூருக்கு அனுப்புங்கள், என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.